சில்லாலைக்கு வந்த துறவி

கீரிமலையிலிருந்து தென்மேற்கே பண்டத்தரிப்பை நோக்கிச் சில கல் தூரம் சென்றால் சில்லாலை என்னும் சிற்றூரை அடையலாம். அவ்வூர்ப் பக்கம் 1687ஆம் ஆண்டிலே கந்தையுடுத்த ஒரு பிச்சைக்காரர் வந்து சேர்ந்தார். நோயினால் மெலிந்த உடம்பு, வெறுங்கால், கழுத்திலே ஒரு செபமாலை. அவரோடு யோவான் என்னும் பணியாள் ஒருவன் மாத்திரம் இருந்தான். வாயில்தோறும் நின்று இரந்த அம்மனிதர் கோவை நகரத்துக் குரு என்பதும், இலத்தீனும் தத்துவ சாத்திரமும் இறையியலும் கற்றவர் என்பதும், குருமார் சபையொன்றின் தலைவராயிருந்தவர் என்பதும் அவருக்கு அரிசி இட்டவர்களுக்குத் தெரியா. அவரே யோசேவ் வாஸ் அடிகள்.

யான் சைவன், நகுலேசப் பெருமானுடைய வீதியிலே விளையாடி வளர்ந்தவன். ஒரு கத்தோலிக்கத் துறவியின் சரிதத்தை யான் எழுதப் புகுந்தமை சிலருக்கு வியப்பைத் தரலாம். ஆயினும் பக்கத்து ஊரின் கதை நம் ஊரின் கதையே. அன்றியும், அறவாழ்வு என்பது தனித்திருந்து செய்யும் தவமா, ஒரு கூட்டத்தோடு கூடி நடக்கும் ஒழுக்கமா என்னும் வினா எச்சமயத்தார்க்கும் உரியது. அவ்வினாவுக்கு இவருடைய வாழ்க்கையைப் போலத் தெளிவாக விடை கூறுவன சிலவே.

அடிகள் பிறந்தது 1651ஆம் ஆண்டு ஏப்பிரில் மாதம் 21ஆம் நாள், கோவாவைச் சேர்ந்த பெனாலிம் என்னும் ஊரில். அது தாயின் ஊர். தந்தையின் ஊர் சாங்கோலே. கொங்கணி பேசும் பிராமண மரபிலிருந்து கத்தோலிக்க மதத்தைத் தழுவிய குடும்பம். போர்த்துக்கேய மொழியையும் இலத்தீனையும் ஊரிலே பயின்று, பின்னர் கோவையிலே இயேசு சபையாரின் கல்லூரியிலும் தொமினிக்க சபையாரின் கல்விக்கூடத்திலும் உயர்கல்வி பெற்று, 1676இல் குருப்பட்டம் பெற்றார். பட்டம் பெற்ற பின்னர் ஏழைகளைப் போல வெறுங்காலோடு நடப்பதைத் தமக்கு விதியாக வைத்துக்கொண்டார் என்பர். சாங்கோலேயில் இலத்தீன் பள்ளியொன்று நடத்தினார். 1677ஆம் ஆண்டு ஓகஸ்டு 5ஆம் நாள், அவ்வூர்க் கோயிலிலே, தேவமாதாவுக்குத் தம்மை அடிமையாக்கி ஓர் ஓலை எழுதிக் கைச்சாத்திட்டார். அடிமையோலை என்பது நம் தமிழ்ச் சமய உலகுக்குப் புதியதன்று. திருவெண்ணெய்நல்லூர் வழக்கை அறிந்தவர்க்கு இச்செயலின் உள்ளக்கிடை எளிதில் விளங்கும். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. அங்கே ஓலையைக் காட்டி வந்தவர் ஆண்டவர். இங்கே ஓலையை எழுதிக் கொடுத்தவர் அடியார்.

அக்காலத்தில் இலங்கையின் செய்தி கோவைக்கு எட்டியிருந்தது. ஒல்லாந்தர் 1658இல் யாழ்ப்பாணக் கோட்டையைப் பிடித்தபின் கத்தோலிக்கக் குருமார் அனைவரையும் நாட்டைவிட்டு அகற்றினர். குருவுக்கு இடங்கொடுப்பவர்க்கு உயிர்த்தண்டனை என்று கட்டளையிட்டனர். ஐரோப்பியர் எவரேனும் கரையிறங்கினால் நிறமே காட்டிக் கொடுத்துவிடும். ஆகவே செல்லத்தக்கவர் இந்தியக் குரு ஒருவரே. இந்த எளிய உண்மையை உணர்ந்து அதன்படி நடக்கத் துணிந்தவர் வாஸ் அடிகள். ஆனால் மேலோர் அவரை முதலில் இலங்கைக்கு விடவில்லை. 1681இல் கன்னட நாட்டுக்கு அனுப்பினர். மங்களூர், பஸ்ரூர், கங்கொள்ளி முதலிய இடங்களிலே சிதறிக் கிடந்த கிறிஸ்தவர்களைத் திரட்டிப் பள்ளிகளும் சபைகளும் அமைத்தார். உரோமையின் ஆளும் போர்த்துக்கேய அரசின் ஆளும் அதிகாரம் எவருக்கு உரியது என்று வழக்காடிய காலம் அது. அவ்வழக்கின் நடுவே இவர் அகப்பட்டுக்கொண்டார். அந்தப் பூசல் நமக்கு இங்கு வேண்டா. 1684இல் அவர் கோவைக்கு மீண்டார் என்ற அளவில் அமைவோம்.

அடுத்த ஆண்டு நிகழ்ந்தது கருத்தூன்றி நோக்கத்தக்கது. ஐரோப்பியத் துறவற சபைகள் பெரும்பாலும் இந்தியரைச் சேர்த்துக்கொள்ளாத காலத்திலே, கோவைக் குருமார் சிலர் தமக்குள்ளே கூடி வாழத் தொடங்கியிருந்தனர். அக்கூட்டத்திலே அடிகள் 1685ஆம் ஆண்டு செப்தெம்பரில் சேர்ந்தார். சிறிது காலத்திலே அவரையே தலைவராக்கினர். உரோமையிலே பிலிப்பு நேரி முனிவர் பதினாறாம் நூற்றாண்டில் நிறுவிய ஒராத்தோரிய சபையின் முறையை அவர்கள் மேற்கொண்டனர். அச்சபையாரைப் பிணைப்பது பொருத்தனையன்று, அன்பு. ஒரு வீட்டில் வாழ்ந்து, ஒரு பந்தியில் உண்டு, ஒரு வேளையில் தியானித்து, ஒருவர் குறையை ஒருவர் பொறுத்து நடப்பதே அவர்களுடைய நோன்பு. காட்டுக்குப் போகும் துறவிலும் இஃது அரிதென்பது என் கருத்து. காட்டிலே கோபம் மூட்டுவதற்கு ஆளில்லை.

1686இல் தலைமைப் பதவியைத் துறந்து, யோவானோடு புறப்பட்டார். மலையாளக் கரை வழியாகத் தூத்துக்குடி சேர்ந்து, கூலியாள் போல வேடம் பூண்டு தோணியேறினார். கடல் கொந்தளித்தது, உணவும் நீரும் அற்றன, ஒருவாறு மன்னாரைக் கண்டு, பின்னர் யாழ்ப்பாணம் சேர்ந்தார். வந்த வேகத்திலேயே வயிற்றுளைவு நோய் அவரையும் யோவானையும் வீழ்த்திற்று. தொற்றுநோய்க்கு அஞ்சிய ஊரார் அவர்களை ஆளில்லாத இடத்திலே விட்டனர். ஒரு பெண் நாள்தோறும் வந்து கஞ்சி வார்த்து அவர்களைக் காப்பாற்றினாள் என்று சரிதம் கூறும். இலங்கைத் திருச்சபையின் வரலாறு அந்தக் கஞ்சியிலே தொடங்குகின்றது என்று சொல்வேன். அடிகள் இந்த நாட்டுக்கு எதனையும் கொடுக்குமுன் இந்த நாட்டின் கையிலிருந்து ஏற்றுக்கொண்டார்.

நோய் தீர்ந்தபின் கழுத்தில் செபமாலை தெரியத் தெருத்தெருவாக இரந்து சென்றார். அம்மாலையைக் கண்டு முகம் மாறுபவர் யார், கண் கலங்குபவர் யார் என்று பார்ப்பதே அவருடைய உபாயம். எவரிடமும் தாம் குரு என்று சொல்லவில்லை. நம்பத்தக்க குடும்பம் ஒன்றைக் கண்டபின்னரே உண்மையை வெளியிட்டார். அங்கிருந்து அவரைச் சில்லாலைக்கு அழைத்துச் சென்றனர். ஒல்லாந்தர் எத்துணை வருத்தியும் பழைய நம்பிக்கையைக் கைவிடாத ஊர் என்று அது பெயர் பெற்றிருந்தது.

இங்கே சிறிது நின்று அந்த ஊர் மக்களை நினைத்துப் பார்த்தல் வேண்டும். 1658 முதல் 1687 வரை இருபத்தொன்பது ஆண்டுகள். குரு இல்லை, பூசை இல்லை, பாவசங்கீர்த்தனம் இல்லை. திருமணம் செய்தால் ஒல்லாந்தருடைய பள்ளித் தோம்பிலே பெயர் பதிய வேண்டும். பதியாவிட்டால் பிள்ளைக்கு உரிமை இல்லை. பதிய வேண்டுமாயின் அவர்களுடைய சமயத்துக்குத் தலையசைக்க வேண்டும். உத்தியோகம் வேண்டினும் அவ்வாறே. வெளியே ஒரு வாழ்வு, உள்ளே ஒரு வாழ்வு. தாயானவள் இருட்டிலே பிள்ளைக்குச் செபம் சொல்லிக் கொடுத்தாள். கைக்குழந்தைக்கு வீட்டிலுள்ளவரே ஞானஸ்நானம் கொடுத்தனர். இவ்வாறு ஒரு தலைமுறை முதிர்ந்து, குருவின் முகத்தையே காணாத மற்றொரு தலைமுறை வளர்ந்துவிட்டது.

சைவர் நிலைமை வேறாயிருக்கவில்லை. போர்த்துக்கேயர் 1619இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றியபின் எங்கள் கோயில்களை இடித்தனர். கீரிமலைக் கோயிலும் அக்காலத்திலேயே இடிபட்டது. ஒல்லாந்தர் காலத்திலும் அது மீண்டும் எழவில்லை. விரதநாளில் உண்ட வாழையிலையை வெளியே எறிய அஞ்சிக் கூரையிலே செருகி வைத்தார்கள் என்னும் செவிவழிச் செய்தியைக் கேளாத யாழ்ப்பாணத்துப் பிள்ளை இல்லை. கூரையில் இலையைச் செருகிய வீட்டுக்கும், பெட்டகத்தின் அடியிலே செபமாலையை ஒளித்த வீட்டுக்கும் இடையே ஒரு வேலிதான் இருந்திருக்கும். எங்கள் கோயிலை இடித்தவருடைய சமயத்தைச் சேர்ந்தவர்களே அடுத்த அரசிலே எங்களைப் போல ஒளிந்தனர் என்பதைக் காலத்தின் நகை என்று சிலர் கூறலாம். யான் அவ்வாறு கூற மாட்டேன். ஒளிந்தவர் இடித்தவர் அல்லர்.

இந்நிலைமையை யான் நூலிலே மாத்திரம் கற்றவன் அல்லேன். 1990இல் எங்கள் ஊர் முழுவதும் இடம்பெயர்ந்தது. கீரிமலையின் தீர்த்தமும் கோயிலும் எங்களுக்கு எட்டாதனவாயின. பல ஆண்டுகள் ஆடி அமாவாசையன்று வேறோர் ஊரின் கிணற்றடியிலே தந்தையை நினைந்து எள்ளும் நீரும் இறைத்திருக்கிறேன். கோயிலை இழந்த கூட்டம் கலையாமல் இருப்பது எதனால் என்று அந்நாளில் எண்ணியதுண்டு. யாரோ ஒருவர் நாளை நினைவூட்டுகிறார், ஒருவர் பதிகத்தை எடுத்துக் கொடுக்கிறார், ஒரு கிழவி மாவிளக்குக்கு மாவிடிக்கிறாள். அவ்வளவே. சில்லாலையிலும் அவ்வளவாகவே இருந்திருக்கும்.

வாஸ் அடிகள் அவ்வூரைத் தம் இருப்பிடமாகக் கொண்டு இரண்டாண்டுகளுக்கு மேலாகத் தொண்டு புரிந்தார். பகலிலே மறைந்திருந்து இரவிலே பூசை செய்தார். ஒருநாள் ஓரூர், மறுநாள் மற்றோரூர். பிச்சைக்காரராகவும் கூலியாளாகவும் உருமாறிச் சென்றார். தமிழை மக்களிடமே கற்றார். முப்பதாண்டுக் காலத்தின் மனச்சுமையை ஓரிரவிலே இறக்கிவைக்க விழைந்து வரிசையாக நின்றவர்களுக்கு விடியும்வரை செவிசாய்த்தார். வெளியே ஒன்றும் உள்ளே ஒன்றுமாக வாழ்ந்தோரை அவர் இகழ்ந்ததாகத் தெரியவில்லை. ஆனால் அந்த இரட்டை வாழ்வைத் தொடரவும் விடவில்லை. இங்கேதான் சிக்கல் பிறந்தது. மக்கள் துணிவு பெற்றனர்; துணிவு ஒல்லாந்தருடைய கண்ணில் பட்டது.

யாழ்ப்பாணத்திலே ஒல்லாந்தத் தளபதியாக இருந்தவன் புளோரிஸ் புளொம். 1689ஆம் ஆண்டளவில், கிறிஸ்து பிறப்பு இரவிலே, பூசைக்கென்று கூடியிருந்தவர்கள்மீது அவனுடைய சேவகர் பாய்ந்தனர். படங்களும் சுரூபங்களும் நொறுக்கப்பட்டன, ஏராளமானோர் பிடிபட்டனர். குரு மாத்திரம் அகப்படவில்லை. மறுநாள் தண்டம் விதிக்கப்பட்டது. முதன்மையானவர் சிலர் கசையடி பட்டனர்; ஒல்லாந்தர் சமயத்திலிருந்து மாறி வந்த ஒருவர் அவ்வடியினாலேயே இறந்தார் என்று வரலாறு கூறும். ஏனையோர் விலங்கு பூண்டு கடுந்தொழில் செய்து மடிந்தனர்.

சரிதகாரர்கள் இவ்விடத்தில் அடிகள் தப்பியதை இறைவனுடைய அற்புதம் என்று எழுதி மேலே சென்றுவிடுவர். எனக்கோ அடிபட்டவர்களை விட்டு அத்துணை விரைவில் நகர மனம் வருவதில்லை. தேடப்பட்டவர் ஒருவர், அடிபட்டவர் பலர். அவர்களில் ஒருவர் வாய்திறந்து இடத்தைச் சொல்லியிருந்தால் முதுகு தப்பியிருக்கும். சொல்லவில்லை. இவர்களுக்குத் தவச்சாலை இல்லை. உழவும் மீன்பிடியுமே தொழில். திருச்சபை என்னும் கூட்டத்தினுள்ளே தூய வாழ்வு என்று வாஸ் அடிகள் கற்பித்தது யாது என்று எவரேனும் வினவினால், அந்த மௌனத்தையே யான் சுட்டிக்காட்டுவேன். அடிகள் இதனால் எத்துணை வருந்தியிருப்பார் என்பதை அவருடைய பிற்கால வாழ்க்கையே காட்டுகின்றது. உடம்பை அவர் பின்னர் ஒருபோதும் பேணவில்லை.

தாம் இருப்பின் மக்களுக்குத் துன்பம் மிகும் என்று கண்டு, 1690இல் புத்தளப் பகுதிக்குச் சென்றார். அது கண்டி அரசனுடைய ஆட்சிக்கு உட்பட்டது. அங்கிருந்து 1692இல் கண்டிக்குப் போனார். அரசவையிலிருந்த இலனரோல் என்னும் பிரெஞ்சுக்காரர் கல்வீன் மதத்தவர். இவர் போர்த்துக்கேய ஒற்றர் என்று அரசனுக்கு உரைத்தார். அரசன் இரண்டாம் விமலதர்மசூரியன் அடிகளைச் சிறையிலிட்டான். சிறையிலே அவர் சிங்களம் கற்றார். காவல் தளர்ந்ததும் ஒரு குடிலமைத்து வழிபாடு நடத்தினார். காலப்போக்கில் அரசனுடைய ஐயம் நீங்கிற்று. நாட்டில் மழை பொய்த்தபோது அடிகள் வேண்ட மழை பெய்தது என்றும், அதன்பின் அவருக்கு நாடெங்கும் செல்ல உரிமை கிடைத்தது என்றும் கூறுவர். மழையைப் பற்றி யான் வழக்காடேன். அரசனுடைய பெருந்தன்மையே எனக்கு மழையிலும் பெரிதாகத் தோன்றுகின்றது. கிறிஸ்தவராகிய ஒல்லாந்தர் தேடித் துரத்திய கிறிஸ்தவக் குருவுக்குப் பௌத்த மன்னன் ஒருவன் நிழல் கொடுத்தான் என்பதை நம் மாணவர்கள் வரலாற்றுப் பாடத்திலே அடிக்கோடிட்டுப் படித்தல் வேண்டும்.

1697இல் கண்டியிலே வைசூரி பரவிற்று. அரசனும் நகரை நீங்கினான். நோயுற்றவர்களை வீட்டார் காட்டிலே விட்டு ஓடினர். அடிகளும், அவருடைய மருமகனும் கோவையிலிருந்து வந்தவருமாகிய யோசேவ் கர்வாலோ குருவும் கைவிடப்பட்ட வீடுகளை மருத்துவச்சாலைகளாக்கினர். புண்ணைக் கழுவினர், கஞ்சி காய்ச்சி ஊட்டினர், இறந்தவரைத் தாமே சுமந்து புதைத்தனர். நோயாளியின் மதம் யாது, குலம் யாது என்று பாராமல் இதனைச் செய்தனர். பிராமண மரபிலே பிறந்தவர் பிணஞ் சுமந்தார் என்பதன் பொருளை அக்காலச் சமுதாயத்திலே வைத்து நோக்கினாலன்றி உணரல் இயலாது. பத்தாண்டுகளுக்கு முன்னே யாழ்ப்பாணத்தில் நோயோடு கிடந்தவர்க்கு ஒருத்தி வார்த்த கஞ்சியை அவர் மறக்கவில்லை போலும்.

ஒராத்தோரிய சபைக் குருமார் பின்னர் ஒருவர் பின் ஒருவராக வந்தனர். ஆயினும் நாடு பெரிது, குருமார் சிலர். ஆண்டுக்கு ஒருமுறை குரு வருவதே அரிது என்ற ஊர்களிலே சபை எவ்வாறு வாழும்? சில்லாலை கற்பித்த பாடம் இங்கே பயன்பட்டது. ஒவ்வோர் ஊரிலும் மூப்பரையும் அண்ணாவியையும் நியமித்தனர். மூப்பர் கோயிலையும் அதன் உடைமையையும் காப்பார். அண்ணாவி ஞாயிறுதோறும் மக்களைக் கூட்டிச் செபம் நடத்தி, பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் கற்பிப்பார். தமிழிலும் சிங்களத்திலும் ஓதத்தக்க செபங்களையும் உபதேசங்களையும் அடிகள் அமைத்துக் கொடுத்தார். நம் நாட்டிலே அண்ணாவி என்னும் சொல் கூத்துப் பழக்குபவரையும் திண்ணைப் பள்ளி ஆசிரியரையும் குறிக்கும். கத்தோலிக்க ஊர்களிலே கோயில் வழிபாட்டை நடத்துபவரையும் குறித்தது. ஆசிரியத் தொழிலில் உள்ள எனக்கு இதிலே ஒரு பெருமிதம் உண்டு.

தமிழ் கற்போர் இங்கு மறவாது குறிக்க வேண்டியவர் ஒருவர் உளர். 1705இல் அடிகளுக்குத் துணையாக வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் குருவே அவர். தமிழுலகம் சாங்கோபாங்க சுவாமி என்று அழைப்பது இவரையே. வாஸ் அடிகள் இவரை நூலெழுதும் பணிக்கு ஊக்கினார். வியாகுலப் பிரசங்கம், தேவ அருள்வேத புராணம், சுவிசேஷ விரித்துரை முதலிய தமிழ் நூல்களையும், சிங்களத்திலே பல நூல்களையும் அவர் இயற்றினார். அக்காலத்தில் அவை ஏட்டிலே படியெடுக்கப்பட்டு ஊரூராகச் சென்றன. பெரிய கிழமையிலே வியாகுலப் பிரசங்கத்தை இராகத்தோடு வாசிக்கும் வழக்கம் யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்க ஊர்களில் நிலைபெற்றது. தமிழ் உரைநடையின் வரலாற்றை எழுதுவோர் வீரமாமுனிவரோடு நின்றுவிடுதல் முறையன்று. இவரும் அவர் காலத்தவரே; 1742இல் மறைந்தார்.

ஆயர் பதவி வாஸ் அடிகளை நாடி வந்தபோது அவர் அதனை ஏற்க மறுத்தார். முதுமையிலும் நடந்தே திரிந்தார். நோய் முற்றிய நிலையிலே கண்டிக்குத் திரும்பி, 1711ஆம் ஆண்டு சனவரி 16ஆம் நாள், தம் அறுபதாம் வயதிலே உயிர் நீத்தார். அப்போது இலங்கையில் ஏறக்குறைய 70,000 கத்தோலிக்கர் இருந்தனர் என்று திருச்சபை வரலாற்றாசிரியர் கணக்கிடுவர். கண்டியிலே அவரைப் புதைத்த கோயில் பின்னர் அழிந்தது. கல்லறை இருந்த இடமும் மறைந்தது. அவர் சபையைச் சேர்ந்த செபஸ்தியான் தோ ரேகோ என்னும் கோவைக் குரு எழுதிய சரிதம் 1745இல் லிஸ்பனில் அச்சாயிற்று. பின்வந்த சரிதங்களுக்கெல்லாம் அதுவே தாய்.

புனிதர் பட்டத்துக்கான விசாரணை அவர் இறந்த சில ஆண்டுகளிலேயே தொடங்கிப் பலமுறை தடைப்பட்டது. 1995ஆம் ஆண்டு சனவரி 21ஆம் நாள் இரண்டாம் யோவான் பவுல் பாப்பரசர் கொழும்பிலே அவருக்கு முத்திப்பேறு பெற்றவர் என்னும் பட்டத்தை அளித்தார். 2015ஆம் ஆண்டு சனவரி 14ஆம் நாள் பிரான்சிஸ் பாப்பரசர் கொழும்புக் காலிமுகத் திடலிலே அவரைப் புனிதர் என்று அறிவித்தார். அன்று பிற்பகலே பாப்பரசர் வன்னிக்கு வந்து மடுக் கோயிலைத் தரிசித்தார். அங்கே இருக்கும் மாதாவின் சுரூபம், அடிகள் யாழ்ப்பாணத்தில் வந்திறங்குவதற்குப் பதினேழு ஆண்டுகள் முன்னே, 1670இல், ஒல்லாந்தருக்கு அஞ்சிய மாந்தை ஊர்க் குடும்பங்கள் சில காட்டு வழியே சுமந்து கொண்டுவந்து வைத்தது.